டிபி இல்லை என்றதும் எழுந்து வந்தேன்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; நான் சொன்னால் வீட்டில் மறுபேச்சில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கு, காசநோய் மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. சளியைச் சோதித்த டாக்டர், “டிபி இல்லம்மா. அதே இனத்துல வேற கிருமி. எந்த வகைன்னு ஜீன் டெஸ்ட் பண்ணாத்தான் மருந்து தெரியும்” என்றார். முதல் வார்த்தைதான் என் காதில் நின்றது.

“படிச்ச பொண்ணே டிபி இல்லன்னுட்டா. இனிமே என் தட்ட ஒதுக்கி வெச்சிக்கினு இருக்காத” என்று அம்மாவிடம் சிரித்துவிட்டு அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்த டெஸ்டுக்கு நாங்கள் போகவே இல்லை.

மழைக்காலத்தில் அப்பா இருமிய துண்டில் ரத்தம் இருந்தது. அலசிக் காயப்போட்டேன். மறுநாளே அப்பாவை அந்த ஜீன் டெஸ்டுக்குக் கூட்டிப் போனேன்.

டெஸ்டில் வகை தெரிந்து இப்போது சரியான சிகிச்சை நடக்கிறது. நுரையீரலில் கெட்ட இடம் கெட்டதுதானாம். யார் ‘அது இல்லை’ என்றாலும், ‘அப்படியென்றால் எது?’ என்று கேட்காமல் நான் இப்போது எழுந்து வருவதில்லை.