நான் பார்த்த சிவப்பு வட்டம்

பூண்டு விளைகிற ஊரில் எல்லாவற்றுக்கும் பூண்டுதான் மருந்து. பல்வலி, காதுவலி, தேள்கடி, எதுவானாலும் நசுக்கி வை என்பார்கள். உண்ணி ஒட்டிக்கொண்டாலும் பிடுங்க மாட்டோம். பூண்டை நசுக்கி அதன் மேல் வைத்துக் கட்டிவிடுவோம். கொடைக்கானல் மலையில் இருக்கிற இந்தப் பூண்டி ஊருக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து நானும் அப்படித்தான்.

கயிற்றை அறுத்துக்கொண்டு சோலைக்குள் போன மாட்டைப் பிடித்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றியபோது, முதுகில் ஓர் உண்ணி இருந்தது. "வேணாம் புள்ள, தோலு வெந்துரும்," என்றார். நான் கேட்காமல் பூண்டை வைத்துக் கட்டினேன். காலையில் உண்ணி விழுந்திருந்தது. தோலும் வெந்திருந்தது. மூன்று நாள் திட்டினார்.

புண் ஆறிப் பத்து நாளில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. முதுகு தேய்த்துவிடும்போது பார்த்தேன். நாளுக்கு நாள் அகன்று, நடுவில் வெளுத்து, உள்ளங்கையைவிடப் பெரிதானது. அவருக்கு வலியில்லை, அரிப்பில்லை. சொன்னால் மறுபடி பூண்டுப் பேச்சை எடுப்பார். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வட்டம் தானாக மறைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வெள்ளனே, அவர் குடித்த டீ கடைவாயில் வழிந்தது. இடது கண் மூடவில்லை. முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போனோம்.

"உண்ணி எதுவும் கடிச்சுச்சா? கடிச்ச எடத்துல வட்டமா செவந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கடிச்சுச்சுங்க. வட்டமெல்லாம் ஒண்ணும் வரலைங்க. பூண்டு வச்சதுல வெந்துச்சு, அம்புட்டுத்தான்," என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறெதுவும் வாயில் வரவில்லை. முகவாதத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் முழங்கால் வீங்கியது. மதுரையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணி கடித்து உடம்பில் ஏறுகிற, சுருள் சுருளான ஒரு கிருமியாம். லைம் நோய் என்று பெயர். வட்டம் வந்தபோதே பார்த்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கு அழுகை வரவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன்.

முழங்கால் சரியாகிவிட்டது. முகம் முக்கால்வாசிதான் திரும்பியிருக்கிறது. தினமும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். களை எடுக்கிறேன், சமைக்கிறேன், படுத்தால் தூங்கியும் விடுகிறேன். உள்ளே எதுவுமே அசையாமல் கிடப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் பக்கத்துத் தோட்டக்காரர் நலம் விசாரிக்க வந்தார்.

"மொதல்ல வட்டமா செவக்குமாமே. ஒனக்கு வரலையா?"

"வரலைண்ணே. வந்திருந்தா இவ விட்டிருப்பாளா? அன்னைக்கே வெரசா ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பா," என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன புள்ள?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.