வில்லன் எந்தப் பக்கம்

மாநில எல்லை வகுக்கையில் எங்கள் பாறசாலை தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா என்று ஊரே மல்லுக்கு நின்ற வருஷங்களில் நான் மதராசில் சினிமா வில்லன். குளத்துக்கும் பாறைக்கும்கூட உரிமை கேட்டார்கள். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. தமிழ் அணி, "அவன் மலையாளத்தானாக்கும்" என்றது. மலையாள அணி என்னைத் தமிழன் என்றது.

பிறகு ஒரு படத்தில், தீயிலிருந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் செத்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது இரண்டு அணித் தலைவர்களும் மாலையோடு என் வாசலில் நின்றார்கள்.

"நம்ம பிள்ளையில்லா நீ. மேடைக்கு வா, மக்கா" என்றார் தமிழ்த் தலைவர்.

"வாறேன். அடுத்த படத்திலே நான் கோயில் நகையைத் திருடுறவனாக்கும்."

ஒரு முழம் நிலம் விட்டுக்கொடுக்காத அந்த மனிதர் மலையாளத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனை நீங்களே வச்சுக்கிடுங்க."