வெறுங்காலோடு ஏறிய படி

சென்ற வாரம் கோலாலம்பூரில் மழைக்கு ஒதுங்கிய இடம், விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் கட்டடம். கீழே காப்பிக் கடை வந்துவிட்டது. ஆனால் மாடிப்படியில் மெழுகு தேய்த்த பழைய மரத்தின் வாசனை அப்படியே இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் படியிலேயே நின்றுவிட்டேன். பேரன் எடுத்த வயதில் ஒரு கட்டடத்துக்குப் பயப்படுகிறேன்.

எண்பதுகளில் அங்கே ஒரு கம்பெனி இருந்தது. தட்டச்சு வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவோடு முதல் பஸ் பிடித்தேன். வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, வேலை வாங்கும் மண்டோரிடம் பேர் கொடுத்து, பால்மரம் சீவப் போகவேண்டும். அம்மாவின் வெடித்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு பயம் வேண்டுமா? வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

எங்கள் தோட்டத்து ஆபீஸ் படியில் யாரும் செருப்போடு ஏறியதில்லை. கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டாலும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். அப்பாவுக்கு எல்லா ஆபீசும் ஒன்றுதான்.

"கழட்டும்மா. தொர இருக்கிற எடம்லா."

பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. கழற்றி அவரிடம் கொடுத்தேன். மேலே போனபிறகுதான் தெரிந்தது, அங்கே வெறுங்காலோடு இருப்பது நானும் ஒரு பூனையும் மட்டும். கால்களை நாற்காலிக்கடியில் ஒளித்துக்கொண்டு தட்டினேன். மேலாளரான சீன அம்மையார் என் கால்களைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சாப்பிடக் கிளம்பிய அவரும் என்கூடவே இறங்கி வந்தார். வாசல் வெயிலில் அப்பா, என் சப்பாத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். அம்மையாரைப் பார்த்ததும் குனிந்து கும்பிட்டார். யார் இவர் என்று அம்மையார் மலாயில் கேட்டார். கொடுத்த வேலையைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஓராங் எஸ்டேட்" என்றேன். தோட்டத்து ஆள் என்று.

அப்பாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். சப்பாத்தை என் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மையார் தெருவைக் கடக்கும்வரை அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"கெடச்சிருச்சாம்மா?"

தலையாட்டினேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அங்கே பதினொரு வருடம் வேலை செய்தேன். பார்க்க வந்தால் அப்பா பஸ் நிலையத்திலேயே நின்றுகொள்வார், கட்டடத்துப் பக்கம் வரமாட்டார். இப்போது கம்பெனி இல்லை. தோட்டம் வீடுகளாகிவிட்டது. அந்தப் பஸ் நிலையத்தையும் இடித்துவிட்டார்கள். அப்பா போய் இருபது வருடமாகிறது. இவர் என் அப்பா என்று அங்கே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.