கொன்ஸ்ரன்ஸ் எங்கேயும் போகவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெள்ளவத்தையில் யாராவது ஒரு வெளிநாட்டு மொழி படிக்கத் தொடங்கினால், எப்போது பிளேன் என்றுதான் கேட்பார்கள். பிரெஞ்சு படித்தவர்கள் பாரிசுக்குப் போனார்கள். கொன்ஸ்ரன்ஸ் படித்தது ஸ்பானிய மொழி.

வயது நாற்பத்தாறு, கல்யாணம் கட்டவில்லை, கொச்சிக்கடையில் ஒரு கப்பல் கந்தோரில் தட்டெழுத்து வேலை. சனிக்கிழமை வகுப்பில் மொழியில் தொடங்கியவள், அந்த நாட்டுக் கதை, கவிதை, ஓவியம் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பாள். வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. வீசா கைக்கு வருமுன் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று எல்லாரும் மறைக்கிற காலம். அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, போகப்போகிறாள் என்பது அவர்களுக்கு உறுதியாகியது.

அந்த வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது, அவளுடைய கட்டிலில் ஒருத்தி இருந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மேபலின் ஒன்றுவிட்ட தங்கை றோஸி. கனடாவிலிருக்கும் புருசனிடம் போக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியிருந்தாள்.

"வாங்கோ அக்கா. உங்கள வெளியில அனுப்புற ஏஜென்ற் ஆர்?"

கொன்ஸ்ரன்ஸ் சுவரைப் பார்த்தாள். அடுத்த நாள் வகுப்பில் அவள் பேச வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவுக்குப் பின்னாலிருக்கிற கறுப்பு, முட்டைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் பின்னால் ஏன் வருகிறது என்பது பேச்சு. அதற்காகத் தேடிச் சேர்த்த அச்சுப் படங்களில் இப்போது கிறிஸ்து மட்டும் சுவரில் இருந்தார், பிளாஸ்டிக் மாலையும் சிவப்பு பல்புமாக.

"அண்ணி, மற்றப் படங்கள் எங்க?"

"மரக்கறிப் படங்களோ? அலுமாரித் தட்டுக்குப் பசை பூசி ஒட்டிப்போட்டன். நல்ல வழுவழுப்பான தாள். கர்த்தர்ர படத்தைக் கழட்டினால் பாவமெல்லே, அதை விட்டிட்டன்."

அலுமாரியைத் திறந்தாள். கோவாவின் மேல் றோஸியின் பவுடர் டின் இருந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் வின்சன்ற் வந்தான். "ஏன் கத்துறாய்? போற ஆளுக்கு அறை எதுக்கு?"

"ஆர் சொன்னது நான் போறனெண்டு?"

"நீ சொல்லமாட்டாய், தெரியும். நானும் ஆரிட்டயும் வாய் திறக்கேல்ல. பயப்பிடாத."

"நான் படிக்கிறன் அண்ணா. அவ்வளவுதான்."

"ஒரு இடமும் போறேல்லயெண்டால் பேந்து என்னத்துக்கு அந்தப் பாஷை? உனக்கென்ன விசரே?"

"நீங்கள் விடியத் தொடங்கி றேடியோவோட கிடந்து கிரிக்கெட் கேக்கிறியளே, எந்த ரீமில சேர்றதுக்கு?"

றோஸி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வின்சன்றின் முகம் கறுத்தது.

கொன்ஸ்ரன்ஸ் தட்டிலிருந்த உடுப்புகளை எடுத்து றோஸியின் சூட்கேசில் திணித்தாள். அதை இழுத்துக்கொண்டு போய் அண்ணனின் அறைக்குள் விட்டாள்.

"றோஸி, உம்மில எனக்குக் கோபமில்லை. உமக்கு அறை தாறமெண்டு வாக்குக் குடுத்தவையின்ர அறையில இரும். இது அம்மா எனக்கெண்டு எழுதிவச்ச அறை."

"நாங்கள் எங்க படுக்கிறதாம்?" என்றாள் மேபல்.

"ஹோலில. றேடியோவும் அங்கதானே இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு தாளை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். மேபலின் பசை வேலை சுத்தம். கரட் இரண்டாகக் கிழிந்தது. மேற்கொண்டு தொடவில்லை. தட்டுப் பலகையையே உருவி எடுத்தாள்.

காலையில் படுக்கை விரிப்பில் சுற்றிய பலகையோடு காலி வீதியில் பஸ் ஏறினாள். இதென்ன என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். "கோவா" என்றாள்.

வகுப்பில் பலகையைக் கரும்பலகையில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு விடாமல் ஸ்பானிய மொழியில் பேசினாள். ஆசிரியை இரண்டு தரம் கையை உயர்த்தி, மெதுவாக, மெதுவாக என்றார். அவள் மெதுவாகப் பேசவில்லை.