தனம் புருஷனும் ஞாயிற்றுக்கிழமை நாடகமும்

போன திங்கட்கிழமை காலை, ராயபுரத்தில் எங்கள் தெருவில், ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் சோப்பு நுரையுமாக ஒரு ஆசாமி தலைதெறிக்க ஓடியதை யாராவது பார்த்தீர்களா? கழுத்தில் சலூன் துண்டு, காலில் ஒற்றைச் செருப்பு...

அது நான்தான்.

எதற்காக ஓடினேன்? ஒரு உயிரைக் காப்பாற்ற. அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ரேடியோ நாடகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்திரிகையில் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும் – கொஞ்ச நாளைக்கு முன்னால் அதைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன்.

எங்கள் தெருவில் ரேடியோ உள்ள வீடு ஒன்றுதான். ரயில்வே கார்டு ஆரோக்கியசாமியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அவர் ரேடியோவை வராந்தாவுக்குத் தூக்கி வந்து, ஒரு ஸ்டூலில் வைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவது போல அதைத் துணியால் துடைப்பார். தெரு மொத்தமும் வந்து உட்கார்ந்துவிடும். வாரா வாரம் தொடரும் குடும்ப நாடகம். ஆரம்பத்தில் நானும் போனேன்.

முதல் வாரம் கதாநாயகி தனலட்சுமி அழுதாள். ஏன் என்று சொல்லவில்லை. சரி, அடுத்த வாரம் சொல்வார்கள் என்று போனேன். அடுத்த வாரம் மாமியார் இருமினாள். தனலட்சுமி அழுதாள். மூன்றாவது வாரம் ஒரு ரயில் வந்தது. அதில் யாரும் வரவில்லை. ரயில் போய்விட்டது. தனலட்சுமி அழுதாள்.

நான் எழுந்து நின்றேன். "இந்த அழுகையைக் கேக்கறதுக்கு நான் ஆபீஸ்லயே உட்கார்ந்திருப்பேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு சட்டமும் போட்டேன். இந்த வீட்டில் அந்த நாடகத்தைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. என் மனைவி மரகதம் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கேட்டுவிட்டு வந்து, மூச்சு விடாமல் சாதம் போட்டாள்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம்.

ஆபீசுக்குப் போகும் வழியில் பெருமாள் சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த ஐஸ் கம்பெனி மாணிக்கம் பேச்சை ஆரம்பித்தான்.

"பெருமாளு, நான் நேத்து நைட்டு டூட்டிக்கி சீக்கிரம் பூட்டேன். தனம் புருஷன் வந்துட்டானாமே, மெய்யாலுமா?"

"வந்தான். சும்மா வந்தானா? கூட ஒருத்தியையும் இட்டுகினு வந்துட்டான்" என்றான் பெருமாள்.

"அடப்பாவி. தனம் இன்னா சொல்லுச்சு?"

"இன்னாத்த சொல்லும்? ஒரு வார்த்தை பேசல. நேரா கெணத்தாண்ட போய் நின்னுகிச்சு."

"அப்பால?"

"அப்பால இன்னா... அத்தோட சரி. இனிமே இன்னா ஆவுமோ, யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே கத்தியைத் தோல்வாரில் தீட்டினான்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தனம் யார்? எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவள். இரண்டு குழந்தைகள். அவள் புருஷன் கன்னியப்பன் சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அவனுடைய கப்பல் கல்கத்தாவிலிருந்து முந்தின நாள் மத்தியானம்தான் வந்திருந்தது. நான் வேலை பார்ப்பது ஷிப்பிங் கம்பெனியில். எனக்குத் தெரியாமல் ஹார்பருக்குள் கப்பல் வருமா?

எல்லாம் பொருந்தியது. ஒன்றுகூடப் பிசகவில்லை. நாற்காலியைவிட்டுக் குதித்தேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பொதுக் கிணறு ஒன்று உண்டு. ஓடிப் போய்ப் பார்த்தால்... தனம் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு, பாதி உடம்பு உள்ளே போகும்படி குனிந்து நின்றாள்.

"தனம், அவசரப்படாதேம்மா" என்றேன். மேலே பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னா சாரு, மூஞ்சிக்கு இன்னா ஆச்சு?"

"என் மூஞ்சி கிடக்கட்டும். நீ முதல்ல கிணத்தை விட்டு இந்தப் பக்கம் வா."

"வாளி உள்ள பூட்ச்சு சாரு. அத்த பாத்துகினு கீறேன்."

"என்கிட்ட எதுக்கு மறைக்கறே? எல்லாம் கேள்விப்பட்டேன். இதுக்காக யாராவது உயிரை விடுவாங்களா? ரெண்டு குழந்தைங்க இருக்கு..."

"யாரு உசுரு உடப்போறது? இன்னா கேள்விப்பட்டே?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். நான் திறந்தேன்.

"கன்னியப்பன் தன்கூட ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டானாமே."

தனம் கிணற்றைவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சின்னக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கப்பலு வன்ட்ச்சா?"

"நேத்து மத்தியானமே வந்துட்டுதே."

"நேத்தேவா?"

அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. நேற்று மத்தியானம் வந்த மனிதன் இன்று காலை வரைக்கும் வீட்டுக்கு வரவில்லை. அவள் வேறு என்ன நினைப்பாள்? வாளியை மறந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஹார்பரைப் பார்த்து நடந்தாள். நடையா அது? நான் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஓட வேண்டியிருந்தது.

ஹார்பர் வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. தெருமுனையிலேயே கன்னியப்பன் வந்துகொண்டிருந்தான். தோளில் தகரப் பெட்டி. பெண்டாட்டியே எதிர்கொண்டு அழைக்க வருகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"எங்க அவ?" என்றாள் தனம்.

"எவ?"

"நேத்தே கப்பலு வன்ட்ச்சாமே. ராத்திரி எங்க இருந்தே?"

"கப்பல்லதான். பாய்லரு கழுவிகினு இருந்தோம்."

"அந்த பாய்லருக்குப் பேரு இன்னா?"

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அதற்குள் ஜன்னல்கள் திறந்துகொண்டன. தண்ணீர்க் குடங்கள் இடுப்பிலேயே நின்றன. தனம் பெட்டியை வாங்கித் தரையில் வைத்துத் திறந்தாள். அழுக்குச் சட்டைகளுக்கு அடியில் ஒரு புடவை. புத்தம் புதுசு. பச்சைப் பசேலென்று.

"இது யாருக்கு?"

"உனுக்குத்தான் தனம். கல்கத்தாவுல வாங்கனேன்."

"பச்சை எனுக்கு ஆவாதுன்னு கல்யாணம் கட்ன நாள்லேர்ந்து சொல்லிகினு கீறேன். பச்சை எவளுக்குய்யா புடிக்கும்?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். பாவம், அவனுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. உலகத்தில் புருஷன்மார் எத்தனையோ தப்பிலிருந்து தப்பித்துவிடலாம். நிறத்தை மறந்தவனுக்கு மட்டும் மீட்சியே கிடையாது. தனத்தின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இந்த ராஸ்கலை என்ன செய்தால் தகும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பெருமாள் வந்து சேர்ந்தான், தன் துண்டைத் தேடிக்கொண்டு.

"இன்னா சாரு, பாதியில எய்ந்து ஓடிட்டீங்க? இன்னா கூட்டம் இது?"

நான் ரகசியக் குரலில் விஷயத்தைச் சொன்னேன். பெருமாள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"அது ரேடியோ தனம் சாரு."

நான் கேட்ட காலத்தில் அவள் தனலட்சுமி. அப்புறம் தெரு ஜனங்கள் பாசம் முற்றித் தனம் ஆக்கிவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் சட்டம் போட்டவன் அல்லவா நான்? இந்தத் தனத்துக்கோ ரேடியோ தனம் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுக்கு மீன் வியாபாரம் கொழிக்கும் நேரம்.

கூட்டம் சிரித்தது. கன்னியப்பன் தரையில் பொத்தென்று உட்கார்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மூணு மாசமா நெருப்பாண்ட நின்னு வேலை செஞ்சிகினு கீறேன். அங்ககூட இம்மாம் வேர்க்கல" என்றான்.

தனம் மட்டும் சிரிக்கவில்லை. புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சாரு, நீ படிச்ச மனுசன். தெருவே கேக்குற நாடகத்த நீயும் ஒயுங்கா கேட்டுத் தொலைச்சா இன்னா? ஒரு நிமிசத்துல எம் பொயப்பு இன்னாவா ஆயிருக்கும்?"

பெருமாள் என் கையைப் பிடித்து சலூனுக்கு அழைத்துப் போய் மற்றக் கன்னத்தை முடித்துவிட்டான்.

நாடகம் கேட்கத் திரும்பிப் போவதா, வேண்டாமா? அந்த வாரம் முழுவதும் இதே யோசனைதான்.

போனால் என் மானம் என்ன ஆவது? வீராப்பாக எழுந்து வந்தவன். போதாததற்குப் பத்திரிகையில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். போகாவிட்டால்? அடுத்து யாரை எந்தக் கிணற்றிலிருந்து இழுப்பேனோ...

நடுவழி ஒன்று தோன்றியது. சனிக்கிழமை மாலை மரகதத்தைக் கூப்பிட்டேன். "சட்டத்தைத் தளர்த்தறேன். இது வரைக்கும் நடந்த கதையைச் சுருக்கமாச் சொல்லிடு. வாரா வாரம் நீ போய்க் கேட்டுட்டு வந்து சொன்னாப் போதும்" என்றேன்.

சொன்னாள். மாமியார் ஏன் இருமினாள் என்பதற்கே காபி ஆறிவிட்டது. ரயிலில் யாரும் வராததற்குக் காரணம் சொல்ல வந்தவள், இடையில் தன் சித்தப்பா ஒருமுறை ரயிலைத் தவறவிட்ட கதைக்குப் போய்த் திரும்பினாள். தனலட்சுமியின் புருஷன் வந்து நின்ற கட்டத்தில் குரல் கம்மிப் போய், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னையே முறைத்தாள்.

"நான் என்ன பண்ணேன்?" என்றேன்.

"ஆம்பளைங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்று எழுந்து உள்ளே போனாள். அன்று ராத்திரி ரசம் வெறும் தண்ணீராக இருந்தது.

நாடகத்தையே கேட்டுவிடுவது மேல் என்று முடிவு செய்தேன். அது அரை மணியில் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆரோக்கியசாமியின் வராந்தாவுக்குப் போனேன். யாராவது குத்திக்காட்டுவார்கள், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க, குந்துங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். தயார் செய்ததெல்லாம் வீணாகப் போனது.

தனமும் வந்திருந்தாள். வியாபாரத்தை விட்டுவிட்டு, தன் பேரை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வந்தாளாம். பக்கத்தில் கன்னியப்பன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

நாடகம் ஆரம்பித்தது. நன்றாக ஆகியிருக்குமோ என்று எனக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. பொய் சொல்வானேன்... முன்னைவிட மோசம். கிணற்றடியில் நின்ற தனலட்சுமி அழுதாள். மாமியார் இருமிக்கொண்டே வந்து தடுத்தாள். கூட வந்தவள் யார் என்பதை ரேடியோக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் தனலட்சுமி புருஷனை மன்னித்து, இலை போட்டுச் சோறு பரிமாறினாள்.

வராந்தா கொந்தளித்துவிட்டது. "சோறு போட்டாளா? அந்தக் கம்மனாட்டிக்கா?" என்றாள் ஒரு கிழவி. எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மாணிக்கம் புருஷன் பக்கம் ஏதோ நியாயம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். பெருமாள் மாமியாரைப் போலவே இருமிக் காட்டினான். நானும் என்னை அறியாமல் எழுந்து நின்று, "முதல்ல அவன்கூட வந்தவ யாருன்னு அவ கேட்டிருக்கணும்" என்று கத்தினேன். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

அப்போதுதான் புரிந்தது. நல்ல நாடகத்தைத் தனியாக உட்கார்ந்தும் ரசித்துவிடலாம். மோசமான நாடகத்துக்குத்தான் ஒரு தெருவே வேண்டியிருக்கிறது. ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் விலகிப் போய்விடலாம்... ஆனால் விலகுவது அந்த விஷயத்திலிருந்தா, அக்கம்பக்கத்திலிருந்தா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரைச்சலுக்கு நடுவே தனம் எழுந்தாள். "சோறா போட்டா? நானா இருந்தா..." என்று ஆரம்பித்தவள், வாக்கியத்தை முடிக்காமல் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

கன்னியப்பன் மெதுவாக நழுவி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். வாசலுக்கு வெளியே போனோம்.

"சாரு, ஒரு ஒதவி. நம்ப கப்பலு வர புதன்கெயம கல்கத்தாவுக்குப் பூடுது. உங்க ஆபீசுலேர்ந்து அங்க தந்தி அடிப்பாங்கல்ல?"

"அடிப்பாங்க. எதுக்கு?"

அவன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த ரேடியோக்காரன் மறுபடியும் எதுனா ஏடாகூடமா பண்ணான்னு வெச்சுக்கோ, எனுக்கு ஒரு வார்த்தை தந்தி அடிச்சுடு சாரு. வூட்டுக்கு வர்றதா, அப்டியே கப்பல்லயே இருந்துடறதான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

ஆகவே, நாடகம் எப்படி இருக்கிறது என்று இனிமேல் யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நான் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான். ஒரு குடும்பம் என்னை நம்பி இருக்கிறது.