வாசலில் நின்ற எஸ்தர் அக்கா

செய்தி டெலிபோனில்தான் வந்தது. மில் டெலிபோன் போர்டில் இப்போது உட்காரும் பெண், வழக்கம்போல உடனே இணைப்பைக் கொடுக்கவில்லை. "எஸ்தர் அக்கா காத்தால தவறிட்டாங்களாமாங்க, மாரடைப்பாம்" என்றாள். அக்கா போன வருடம் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த அதே நாற்காலியிலிருந்துதான் அந்தச் செய்தியும் வர வேண்டியிருந்தது. நான் கணக்குப் பிரிவில் பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

மில்லில் வேலை பார்த்த உங்களுக்கு அக்காவின் குரலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பம்பாய்ப் பார்ட்டி எவ்வளவு கத்தினாலும், "கத்தாதீங்க, லைன் செவிடு இல்லைங்க" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இணைப்பைத் தருவார். முதலாளி கேட்டாலும் முறைப்படிதான் லைன் கிடைக்கும். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். என் நாய்க்கு உடம்பு முடியாமல் போனபோது அக்கா செய்தது அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சூலூரில் எங்கள் வீட்டில் நானும் ஜிம்மியும்தான் பெரும்பாலும் இருப்போம். என் கணவர் பம்புசெட் விற்பனைக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஜிம்மி வெள்ளைச் சடைநாய்; யாரையும் கடித்ததில்லை. ஆனால் எஸ்தர் அக்காவுக்கு நாய் என்றாலே உயிர் போய்விடும். சின்ன வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். எங்கள் வீட்டுக்கு வந்தால், நாயைக் கட்டியாச்சு என்று நான் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். பயத்தில் அதற்கு மரியாதை வேறு கொடுப்பார். "அங்கயே இருங்க சாமி, நானு இப்பப் போயிருவேன்" என்பார். ஜிம்மி அவரைப் பார்த்து வாலை ஆட்டும்; அக்கா இரண்டடி பின்னால் போவார்.

அந்த வருடம் ஜிம்மி சாப்பிடுவதை விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. கோவைக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தபோது, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னார். குணமாக்க முடியாது, கொஞ்ச காலம் சிரமமில்லாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குழைந்த சோறு கொடுக்க வேண்டும். கறி, எலும்பு, முட்டை எதுவும் வாயில் படக்கூடாது. தினமும் தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். ஊசி குத்தும் விதத்தை எனக்கே கற்றுக்கொடுத்து அனுப்பினார்.

லீவு கேட்டபோது ஆபீசில் சிரித்தார்கள். நாய்க்கெல்லாமா லீவு என்று ஒருவர் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. அக்கா போர்டை விட்டு எழுந்து வந்து, "ஊட்டுல ஒரு உசுருக்கு முடியலைங்க. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. லீவு கிடைத்தது.

அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உள்ளே வர அக்காவுக்குத் தைரியமில்லை. அதனால் ஜிம்மியை ஜன்னலோரம் படுக்க வைத்தோம். அக்கா வெளியே நின்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சின்னக் குரலில் ஜெபம் செய்தார். கம்பியிலேயே பாட்டிலை மாட்டிவிடலாம் என்பது சில நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் அக்கா கையில்தான் பிடித்தார். மில் முடிந்ததும் தினமும் வந்தார்.

ஆனால் அவர் செய்த பெரிய உதவி அது இல்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் வெறுங்கையோடு யாரும் பார்க்க வரமாட்டார்கள். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் உறவே முறிந்துவிடும். ஜிம்மிக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் தெருவே வந்தது. நாய்க்கு என்ன பிடிக்கும்? எலும்பு சூப், நாட்டுக்கோழி முட்டை, ஈரல். தூக்குப் பாத்திரத்தில், போசி போசியாக வந்தன. நான் மருந்து கரைக்கப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அம்மா பாசத்தோடு ஒரு கிண்ணம் எலும்பு சூப் ஊட்டிவிட்டார். விடிய விடிய வாந்தி. மறுநாள் ஜிம்மியால் தலையைத் தூக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

நான் சொன்னதையெல்லாம் அக்கா கேட்டார். "வாசல்ல நானு நிக்கறேன். நீ உள்ள அவன்கூட இரு கண்ணு" என்றார்.

அன்றிலிருந்து, மில் விட்டு வந்தபின் சலைன் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாசல் அக்காவுடையது. வருகிறவர்களிடமிருந்து போசியை வாங்கிக்கொள்வார். "டாக்டர் ஆகாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. வீணாக்க மனசு வரலை, நானே குடிச்சுப்போட்டு உங்க ஊட்டுக்கும் சேர்த்து ஜெபம் பண்றேனுங்க" என்பார். சொன்னபடியே அங்கேயே நின்று குடிப்பார். மிளகு தூக்கல் என்றால் அதையும் சொல்வார். போசியை வெறுமனே அனுப்பாமல், எங்கள் முருங்கையில் ரெண்டு கொத்துக் கீரை ஒடித்துப் போட்டுக் கொடுப்பார். அக்கா கையில் போசியைக் கொடுக்கத் தயங்கியவர்களும், திரும்பி வந்த போசியைப் புளி போட்டுத் தேய்த்தவர்களும் தெருவில் இருந்தார்கள். என்ன காரணம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொதித்தபோது, "உன்ர கோபத்தை அவனுக்குச் சோறூட்டுறதுல காட்டு" என்று சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் ஜிம்மி மெலிந்துகொண்டே போனது; அக்காவுக்கு ரவிக்கையெல்லாம் இறுகிவிட்டது. அதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம்.

ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணவர் வெளியூரிலிருந்து பேசும்போது, நீயே முடிவு செய் என்றார். அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. "உன்னைப் பார்த்து வால் ஆட்டறானா?" என்று தினமும் கேட்பார். ஆட்டுகிறான் என்றால் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பார். ஒருநாள் நான் இல்லை என்று தலையாட்டினேன். அக்கா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

டாக்டர் வந்தபோது அக்கா அதே ஜன்னலுக்கு வெளியே நின்றார். ஜிம்மியின் தலை என் மடியில் இருந்தது. கம்பிக்குள் அக்காவின் கை வருவது தெரிந்தது. கடைசியில் ஒருமுறையாவது ஜிம்மியைத் தொடப்போகிறார் என்று நினைத்தேன். கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. எல்லாம் முடியும்வரை எடுக்கவில்லை. ஜிம்மியை அவர் தொட்டதே இல்லை.

செய்தி வந்த அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு என்று கேட்க, அவர் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவின் பக்கத்தில் அவருக்கு இடமில்லாததுபோல் இருந்தது.

"வாசல்ல நானு நிக்கறேனுங்க மாமா. நீங்க உள்ள அக்காகூட இருங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ எந்த ஊட்டுக்குப் போனாலும் இதையேதான் சொல்லுவா அம்மணி" என்றார். எழுந்து உள்ளே போனார்.

எங்கள் வாசலில் மட்டும்தான் அக்கா நின்றார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு போசியில் காபி கொண்டுவந்தார்கள். வாங்கி ஒரு தம்ளர் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். சவப்பெட்டியை எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த வாசல் வேலையைத்தான்.