இருபத்தொன்றாவது தட்டு

என் வீட்டுக்காரர் சிங்காரத்தைப் பற்றி யாராவது என்னிடம் வந்து "தங்கமான மனுஷன்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம்தான், யார் இல்லை என்றது? கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். சில்லறை இல்லை என்று ஒருவரையும் வழியில் இறக்கிவிட்டதில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் அந்தத் தங்கம் லீவு நாளில் என்ன செய்கிறது என்று திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பழைய சாணை மிஷின்களைத் தேடித் தேடி வாங்கி வந்து புதுசாக்குவார். நடுவில் ஒரு மோட்டார், இரண்டு பக்கமும் வட்டமாக ஒவ்வொரு கல், பட்டறைகளில் மேஜைமேல் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மிஷின். புதுசே கடையில் கிடைக்கிறது. அது வேண்டாமாம். "அதெல்லாம் வெறும் தகரம் கொளஞ்சி. பழசுல பூரா வார்ப்பு இரும்பு. தட்டிப் பாரு" என்பார். நான் எதற்குத் தட்ட வேண்டும்? கொளஞ்சியம்மாள் என்று எங்கப்பா எனக்குப் பெயர் வைத்தது இரும்பைத் தட்டிப் பார்க்கவா?

கார் நிறுத்த என்று ஒரு ஷெட் கட்டினோம். கார் வரவில்லை, மிஷின் வந்தது. வந்ததும் அதைக் கழற்றி டீசலில் ஊறப்போடுவார். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுப்பார், பேரிங் மாற்றுவார், பெயின்ட் அடிப்பார். கல்லை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு. ணங் என்றால் நல்ல கல். சொத்தென்றால் உள்ளே விரிசல், ஓடும்போது வெடித்து மூஞ்சியில் அடிக்கும். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு தட்டமாட்டார்கள். தீப்பொறி கண்ணில் படாமலிருக்க முன்னால் ஒரு மறைப்பு வேண்டும். என் ஹெல்மெட்டின் கண்ணாடி எங்கே போயிற்று என்று ஒரு வாரம் தேடினேன். மூன்றாம் நம்பர் மிஷினில் இருந்தது.

எல்லாம் முடிந்ததும் சுவிட்சைப் போட்டு, ஓடுகிற மிஷின் தலையில் ஐந்து ரூபாய் நாணயத்தை நெட்டுக்குத்தாக நிறுத்துவார். விழாமல் நின்றால் அதிர்வு இல்லை என்று அர்த்தம். அதை நான் வந்து பார்க்க வேண்டும். அடுப்பில் குழம்பு பொங்கினாலும் வர வேண்டும். நிற்கிறது, சரி, நான் என்ன ஆரத்தி எடுக்கட்டுமா?

இப்படி ஒன்பது மிஷின். சாணை பிடிக்க எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கத்தி, ஒரு அருவாமனை. எதற்கு ஒன்பது என்று கேட்டேன். "ஒரு மிஷினுக்கு பார்ட்ஸ் தேய்க்க இன்னொரு மிஷின் வேணும்ல" என்றார்.

இந்தப் பைத்தியத்தால்தான் கூடப்பிறந்த தங்கச்சி தமிழ்மணியைத் தொலைத்தார். தமிழு சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து பெயர் வைக்கும் நாளில் எல்லாரும் போனோம். இவர் பையில் ஒரு சின்ன மிஷினையும் எடுத்து வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. நாங்கள் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, தங்கச்சி வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அங்கிருந்த கத்தி, அருவாமனை எல்லாவற்றையும் கொல்லையில் வைத்துச் சாணை பிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. தமிழுவின் மாமியார் ராசம்மாள் வழக்கம்போல அழுத்திப் பூசணிக்காய் நறுக்கினார். காயும் வெட்டுப்பட்டது, விரலும் வெட்டுப்பட்டது. நாலு தையல்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தம்மா ரத்தத்தோடு ஆட்டோவில் ஏறும்போது இவர் பக்கத்தில் போய், "பாத்தீங்களா அத்த, என்னா கூரு" என்றார். தமிழு அன்றைக்கு அழுத அழுகை! "ஒனக்கு நான் தங்கச்சி இல்ல, மிஷின்தான் தங்கச்சி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மூன்று வருஷம் போன் இல்லை, பொங்கலுக்கு ஒரு வார்த்தை இல்லை. இவர் அவள் தெருவைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறார். அந்த நிறுத்தத்தில் மட்டும் விசில் ஊதக் கொஞ்சம் தாமதமாகும் என்று டிரைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன ஆவணியில் தமிழுவும் அவள் புருஷன் ராஜவேலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். குழந்தை இலக்கியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. இவர் வாயெல்லாம் பல்.

தமிழு மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, எங்க மாமியா இன்னும் வெரலக் காட்டிக் காட்டிப் பேசுறாங்க. பொறந்த வூட்டுப் பேச்ச எடுத்தாலே எனக்குத் தலை குனியுது. நீ வரணும், சீர் செய்யணும். ஆனா மிஷினப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுன, அத்தோட நமக்குள்ள ஒண்ணுமில்ல. புள்ள தலமேல சத்தியம் பண்ணு" என்றாள். இவர் குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அன்றிலிருந்து மிஷின் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. வீட்டில்கூட இல்லை. நாணயத்தை நிறுத்திவிட்டு, வந்து என் முந்தானையை இழுத்துக் கையைக் காட்டுவார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

காதுகுத்து அன்று இருபத்தொரு தட்டுச் சீர். சீர்த்தட்டு எப்போதும் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், இரட்டைப்படையில் போனால் விளங்காது என்பார்கள். "இருபத்தொரு தட்டுச் சீருடன் வருகை தரும் தாய்மாமன்" என்று ராஜவேல் மண்டப வாசலில் இவர் படத்தோடு பேனரே வைத்துவிட்டார். பழம், பூ, பட்டுப்பாவாடை, முறுக்கு, அதிரசம் என்று தட்டுகளை அடுக்கி, காத்தவராயன் என்பவரின் சின்ன லாரியில் விடியற்காலையிலேயே கிளம்பினோம். இவர் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை போல இருந்தார். தட்டு சாயாமல் பார்த்துக்கொள்ள நான் பின்னால் உட்கார்ந்தேன்.

வண்டி சிதம்பரத்துக்குள் நுழைந்தது. மண்டபத்தைத் தாண்டியது. ஊரையும் தாண்டியது.

"ஏங்க, எங்க போறோம்?" என்று கத்தினேன். முன்சீட்டிலிருந்து கை மட்டும் வெளியே வந்து, ஒரு வட்டம் போட்டு, சுற்றிக் காட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லில் ஒரு சாணை மிஷின் இருப்பதாக ஒரு பயணி எப்போதோ சொல்லியிருந்தார். காலோடு சேர்த்து வார்த்தது, பித்தளைத் தகட்டில் நம்பர் அடித்தது. அந்த மாதிரியைத்தான் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் பழைய இரும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று காத்தவராயன் இவரிடம் சொல்லியிருந்தாராம். பேசக்கூடாது என்றுதானே சத்தியம், வாங்கக்கூடாது என்று இல்லையே!

மில்லில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். இவர் போய்க் கையை வட்டமாகச் சுற்றினார், "உர்ர்" என்றார், வானத்தைக் காட்டிக் கும்பிட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "பாவம், பொறவியிலேந்தே இப்புடியாம்மா?" என்றார். தலையெழுத்தே என்று நான்தான் இறங்கி, "அண்ணே, சாணை மிஷின் ஒண்ணு இருக்காமே" என்று கேட்டேன். பட்டுப்புடவையோடு, ரைஸ்மில் உமிக்கு நடுவில், அதையும் நான் கேட்டேன்.

இவர் பணத்தைக் கொடுத்தார், வாட்ச்மேன் கணக்கு நோட்டில் என் போன் நம்பரை எழுதிக்கொண்டார். இவரும் காத்தவராயனும் மூச்சைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வண்டியில் இடமில்லை. ஒரு தட்டை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, பலகை போட்டு அந்த அழுக்கு மூட்டையை ஏற்றினார்கள். மணி எட்டரை. ஒன்பதரைக்குள் காது குத்த வேண்டும். நான் திட்டத் திட்ட வண்டி பறந்தது.

மண்டப வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. அங்கே காத்திருந்த எங்கள் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்து வரிசையாக உள்ளே போனார்கள். ராசம்மாள் வாசற்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு எண்ணினார். தமிழு ஆலத்தட்டோடு பக்கத்தில் நின்றாள். "பதினெட்டு, பத்தொம்போது, இருவது." எண்ணிக்கை அங்கே நின்றது.

"இன்னொண்ணு எங்க தம்பி?" என்றார் ராசம்மாள். மேளக்காரரும் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தமிழுவின் முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. "யம்மா, மில்லுலேந்து பேசுறேன். அந்த ஊமை சாரு முறுக்குத் தட்ட இங்கயே வுட்டுட்டுப் போயிட்டாரு" என்றார் வாட்ச்மேன்.

இவர் ஒருமுறை தங்கச்சியைப் பார்த்தார். "வண்டியில இருக்குது அத்த" என்று சொல்லிவிட்டு ஓடினார். வண்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அட பாவி மனுஷா, வேண்டாம் என்று கத்துவதற்குள், தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டைப் போட்டு மூடி, பலகையோடு ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் காத்தவராயன், தள்ளாடிக்கொண்டே மேளத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். தரை அதிர்ந்தது.

ராசம்மாள் துண்டைத் தூக்கினார். உள்ளே துருவும் சிலந்தி வலையும் உமியுமாக அது உட்கார்ந்திருந்தது.

"ஜெனரேட்டரா?" என்றார் ஒருவர். "தண்ணி மோட்டாரு" என்றார் இன்னொருவர். "கண்டக்டரு பஸ்ஸுலேந்து எதையோ கழட்டிட்டு வந்துட்டாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்து எல்லாரும் சிரித்தார்கள். ராஜவேல் கெஞ்சினார்: "மச்சான், என்னான்னு சொல்லித் தொலைங்க." இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். வியர்வை கொட்டியது. அந்த மிஷினைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடிய மனுஷன்! தமிழு என் காதில், "அண்ணி, அது மிஷின்தான?" என்றாள். "மிஷின்தான். ஆனா ஒரு வார்த்த பேசல பாரு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராசம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இருவத்தொண்ணு" என்று எண்ணி முடித்தார். சந்தனம் குங்குமத்தை எடுத்து இரண்டு கல்லுக்கும் நடுவில் பொட்டு வைத்தார். "சீர்ல வந்தது திரும்பிப் போவக்கூடாது தம்பி. இனிமே இது புள்ளையோடது. தெரியுமில்ல?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. துண்டைப் போட்டு மூடும்போதே தெரிந்துதான் மூடியிருக்கிறார். ஆறு வருஷம் தேடிய பொருளை வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பித்தளைத் தகட்டை ஒருமுறை கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

கறுத்துப்போன பட்டு வேட்டியோடு மடியில் குழந்தையை வைத்துக்கொண்டார். ஆசாரி காது குத்தினார். குழந்தை அழுதது, இவர் அதைவிட அழுதார். தமிழு இலை போட்டாள், பரிமாறினாள், அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் வெறும் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மூன்று நாள் கழித்துத் தமிழுவிடமிருந்து போன். எனக்குத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, அது வாசல்ல கெடக்குது. மழ வர்ற மாதிரி இருக்கு. நனையலாமா?"

இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். "கூடாதாம்" என்றேன்.

"கரன்ட் குடுத்துப் பாக்கலாமான்னு எங்க வூட்டுக்காரு கேக்குறாரு."

இவர் கல்லைத் தட்டுவதுபோலக் காட்டி, வெடிப்பதுபோலக் காட்டி, தன் மூஞ்சியைப் பொத்திக்கொண்டார். "வேணாம் தமிழு. மொதல்ல கல்லக் கழட்டித் தட்டிப் பாக்கணும். விரிசல் இருந்தா வெடிச்சிடும். பேரிங்கு மாத்தணும், வயரு பாக்கணும்" என்று நானே கடகடவென்று சொன்னேன். சனியன், எனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அண்ணி, அண்ணன் பக்கத்துலதான இருக்குது? அது ஏன் பேசல?"

"எப்புடிப் பேசுவாரு? புள்ள தலமேல சத்தியம் பண்ணிருக்காரே. நீ வந்துட்டுப் போனதுலேந்து வூட்டுலகூட அந்தப் பேச்சு இல்ல."

"வூட்டுலகூடவா?" என்றாள். அவள் குரல் உடைந்தது. "போன அதுங்கிட்ட குடுங்க. அண்ணே, நான் சொல்றேன், சத்தியத்த நானே திருப்பி எடுத்துக்கிட்டேன். பேசுண்ணே. எவ்ளோ வேணும்னாலும் பேசு. நான் கேக்குறேன்."

இருபத்திரண்டு வருஷமாக நான் மூடச் சொல்லிக் கெஞ்சிய வாய். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த வாயைத் திறந்தார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"பாப்பாவுக்குக் காது ஆறிடுச்சா?" என்றார்.